பிணை என்னும் சொல்: ஆட்கடத்தல் பேரங்களில் அரசின் கடப்பாடு – சதுரங்கப்பட்டினம் முதல் தாளவாடி வரை

ஆய்வுச்சுருக்கம்

ஆயுதக் குழுக்கள் ஒருவரைக் கடத்திச் சென்று, அவரது விடுதலைக்கு ஈடாகச் சிறைக்கைதிகளையோ பொருளையோ கேட்கும்போது, அரசு பேரம் பேசலாமா என்னும் வினா எழுகிறது. இவ்வினா பெரும்பாலும் அரசின் வலிமை, மென்மை என்னும் இரு சொற்களுக்குள் அடங்கிவிடுகிறது. 2000ஆம் ஆண்டில் நடிகர் ராஜ்குமார் கடத்தப்பட்ட நிகழ்வையும், அதனையொட்டி உச்ச நீதிமன்றம் வழங்கிய அப்துல் கரீம் எதிர் கர்நாடக அரசு என்னும் தீர்ப்பையும் மையமாகக் கொண்டு இவ்வினாவின் போதாமையை இக்கட்டுரை ஆராய்கிறது. புறநானூற்றின் துணைவஞ்சித் துறையும், செங்கல்பட்டுச் சீமையில் 18ஆம் நூற்றாண்டில் நிகழ்ந்த கைதிப் பேரங்களும் ஒப்பீட்டுக்குக் கொள்ளப்படுகின்றன. பேரம் நிகழ்ந்ததா என்பதைவிட, அது எவர் முன்னிலையில், எவர் இழப்பில், எந்தப் பதிவோடு நிகழ்ந்தது என்பதே மதிப்பீட்டின் அளவுகோலாக வேண்டும் என்பது இதன் முடிவு.

திறவுச்சொற்கள்: பிணை, பணயம், துணைவஞ்சி, கைதிப் பரிமாற்றம், தடாச் சட்டம், சதுரங்கப்பட்டினம், ராஜ்குமார் கடத்தல்

முன்னுரை

2000ஆம் ஆண்டு ஜூலை 30 அன்று இரவு, ஈரோடு மாவட்டம் தாளவாடியை அடுத்த தொட்டகாஜனூரில் இருந்த தம் பண்ணை வீட்டிலிருந்து கன்னட நடிகர் ராஜ்குமார் வீரப்பன் குழுவினரால் கடத்தப்பட்டார். 108 நாள்களுக்குப் பின், நவம்பர் 15 அன்று அவர் விடுவிக்கப்பட்டார். இடைப்பட்ட காலத்தில் இரு மாநில அரசுகள் தூதர்களைக் காட்டுக்கு அனுப்பின. வழக்குகளைத் திரும்பப் பெற நீதிமன்றங்களில் மனுக்கள் அளிக்கப்பட்டன. உச்ச நீதிமன்றம் குறுக்கிட்டுத் தடை விதித்தது. கடத்தலில் தமிழ்த்தேசிய ஆயுதக் குழுக்களைச் சேர்ந்தோரும் பங்கேற்றிருந்ததால், கோரிக்கைகள் கொள்ளைக்கூட்டத்தின் பணத்தேவையைக் கடந்து அரசியல் வடிவம் பெற்றிருந்தன.

இந்நிகழ்வு குறித்து எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி இரு முனைகளில் நிற்கிறது. ஒருமுனை அரசு மண்டியிட்டது என்கிறது. மறுமுனை ஓர் உயிரைக் காக்க வேறு வழியில்லை என்கிறது. இரு முனைகளும் ஒரே எடுகோளைக் கொண்டுள்ளன. பேரத்தில் அரசும் கடத்தியோரும் ஆகிய இரு தரப்பினர் மட்டுமே உள்ளனர் என்பதே அவ்வெடுகோள். கடத்தப்பட்டவரும், பரிமாற்றப் பொருளாக்கப்பட்ட சிறைக்கைதிகளும், கடத்தியோரால் முன்னரே கொல்லப்பட்டோரின் குடும்பத்தினரும் இந்தக் கணக்கில் இடம்பெறுவதில்லை. அவ்வாறு விடுபட்டோரை மீண்டும் கணக்கில் சேர்த்தால் மதிப்பீடு எவ்வாறு மாறும் என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

பணயமும் பிணையும்

கடத்தப்பட்டுப் பிடித்துவைக்கப்பட்டவரைக் குறிக்கத் தமிழ் இதழ்களில் பணயக்கைதி, பிணைக்கைதி என இரு சொற்கள் வழங்குகின்றன. இரண்டும் ஒருபொருட்சொற்களாகக் கையாளப்பட்டாலும் அவற்றின் அடிப்படை வேறுபட்டது. பணயம் என்பது சூதில் வைக்கப்படும் பொருள். அது வைப்பவனின் உடைமை. ஆட்டத்தில் அதற்குப் பேச்சில்லை. பாரதக் கதையில் பாஞ்சாலி இந்த விதியை மீறுகிறாள். தன்னையே தோற்றுவிட்டவனுக்குத் தன்னைப் பணயமாக வைக்கும் உரிமை உண்டா என்பது அவள் அவையில் எழுப்பிய வினா. ஆட்டத்தின் வெற்றி தோல்வியை விட்டு, வைத்தவனின் அதிகாரத்தை நோக்கி அவள் வழக்கைத் திருப்புகிறாள்.

பிணை என்னும் சொல் பிணைத்தல் என்னும் வினையோடு உறவுடையது. ஒருவருக்காக மற்றொருவர் பொறுப்பேற்று நிற்பதைப் பிணை நிற்றல் என்கிறோம். நீதிமன்றத் தமிழில் ஜாமீன் என்பதற்கு நிகரான சொல்லும் இதுவே. ஆகவே பிணைக்கைதி என்பவர் இன்னொருவரின் செயலுக்கு ஈடாக நிறுத்தப்பட்டவர். பிணையில் விடுவிக்கப்படுபவர் தீர்ப்புக்கு முன் தம் உரிமையை மீளப் பெறுபவர். ஒரு சொல் இவ்விரு நிலைகளையும் தாங்குவது 2000ஆம் ஆண்டு நிகழ்வைப் புரிந்துகொள்ளப் பெரிதும் உதவுகிறது. மைசூரு சிறையில் தடாச் சட்டத்தின்கீழ் அடைக்கப்பட்டிருந்த 51 பேருக்கு நீதிமன்றப் பிணை எட்டாதிருந்தது. அவர்களை வெளியே கொண்டுவருவது கோரிக்கைகளுள் ஒன்றாகி, ஒரு நடிகர் காட்டில் பிணையாக நிறுத்தப்பட்டார். இரண்டு பிணைகளுக்கும் இடையிலான இத்தொடர்பைப் பெரும்பாலான விமரிசனங்கள் கவனிக்கவில்லை.

துணைவஞ்சியும் தூதுவனின் சொல்லும்

வலியவன் கையில் அகப்பட்ட எளியவருக்காகப் பேசும் சொல்லுக்குத் தமிழ்ப் புறத்திணை மரபு தனித்துறை வகுத்துள்ளது. புறநானூற்றின் 46, 47ஆம் பாடல்கள் துணைவஞ்சித் துறையில் அமைந்தவை. இரண்டையும் பாடியவர் கோவூர்கிழார். மலையமானின் சிறுவர்களை யானைக்காலில் இடக் கிள்ளிவளவன் முற்பட்டபோது பாடப்பட்டது முன்னது. நலங்கிள்ளியிடமிருந்து உறையூர் புகுந்த இளந்தத்தன் என்னும் புலவனை ஒற்றன் எனக் கருதி நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்தபோது பாடப்பட்டது பின்னது.

46ஆம் பாடலின் வாதம் கருதத்தக்கது. மன்னனின் குடிப்பெருமையை நினைவூட்டும் புலவர், சிறுவர்களின் குடி புலவர்களைப் புரந்தது என்கிறார். அடுத்து, அச்சிறுவர்களின் கண்களை மன்னனுக்குக் காட்டுகிறார். யானையைக் கண்டு அழுகை மறந்து, அவையைப் புதிதாய் நோக்கி மருளும் குழந்தைகளாக அவர்கள் பாடலில் நிற்கின்றனர். இறுதியில், கேட்டபின் விரும்பியதைச் செய்க என்று முடிவை மன்னனிடமே விட்டுவிடுகிறார். மூன்று கூறுகளை இங்குக் காணலாம். அகப்பட்டவர்கள் பெயரளவில் நில்லாமல் உருவத்தோடு முன்னிறுத்தப்படுகின்றனர். தூதுவன் அவை அறியப் பேசுகிறான். முடிவின் பொறுப்பு ஆள்பவனிடமிருந்து நழுவுவதில்லை.

பதிவின் முதன்மையை வேறொரு சங்கச் சிக்கல் உணர்த்துகிறது. சேரமான் கணைக்கால் இரும்பொறை சோழன் செங்கணானிடம் சிறைப்பட்டான். பொய்கையாரின் களவழி நாற்பது அவனை மீட்டது என்பது பிற்காலச் சோழர் கால இலக்கியங்கள் வழி நிலைபெற்ற மரபு. புறநானூற்று 74ஆம் பாடலின் அடிக்குறிப்போ, குடவாயிற் கோட்டத்துச் சிறையில் தண்ணீர் கேட்டுக் காலம் தாழ்த்திப் பெற்று, அதனை உண்ணாது அவன் துஞ்சினான் என்கிறது. பாட்டுக்கு ஈடாகக் கைதி விடுவிக்கப்பட்டான் என்பது ஒரு கதை. விடுதலை வருமுன் கைதி இறந்தான் என்பது மற்றொரு கதை. முன்னது புலவனையும் வென்றவனையும் பெருமைப்படுத்துகிறது. பின்னது கைதியின் சொல்லாக அமைகிறது. எது வரலாறு என்பதில் அறிஞர்கள் வேறுபடுவர். ஆனால் ஒரே சிறைவாழ்வு, எவர் வாயிலாகச் சொல்லப்படுகிறது என்பதைப் பொறுத்து வெற்றிகரமான பேரமாகவும் அவமதிப்பின் சாவாகவும் எஞ்சக்கூடும் என்பது தெளிவு.

செங்கல்பட்டுச் சீமை: அங்கீகாரமும் கைதியும்

பாடலிலிருந்து ஆவணத்துக்கு வரும்போது, மாமல்லபுரக் கடற்கரையும் அதனை ஒட்டிய செங்கல்பட்டுச் சீமையும் பொருத்தமான களமாகின்றன. கம்பெனிகளும் நவாபுகளும் மைசூர் மன்னரும் மோதிக்கொண்ட 18ஆம் நூற்றாண்டில், கைதிகளும் பிணையாள்களும் இங்கு அரசியலின் நாணயமாகவே புழங்கினர்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே உள்ள சதுரங்கப்பட்டினம் அப்போது டச்சுக்காரர் வசமிருந்தது. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் கர்நாடகப் போரை முடித்துக்கொள்ள 1754 ஜனவரியில் அங்கே கூடிப் பேசினர். பேச்சு முறிந்தது. முறிந்ததன் காரணம் கவனிக்கத்தக்கது. முகம்மது அலியை ஆர்க்காட்டு நவாபாக ஏற்க வேண்டும் என்று ஒரு தரப்பு நின்றது. தம்மிடமுள்ள ஆணைப் பத்திரங்களே செல்லும் என்று மறுதரப்பு நின்றது. உடன்படிக்கையின் சரத்துகளை எட்டுமுன்னரே, எவரை எவராக ஒப்புக்கொள்வது என்பதில் பேச்சு சிக்கிக்கொண்டது. இன்றும் ஆயுதக் குழுக்களோடு பேச அரசுகள் தயங்குவதன் வேர் இதுவே. பேசுவது என்பதே எதிரிக்கு ஒரு தகுதியை வழங்கிவிடும் என்னும் அச்சம் இழப்பச்சத்துக்கு முன்னால் வருகிறது.

1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படை ஹைதர் அலி, திப்பு ஆகியோரின் படையிடம் வீழ்ந்தது. பிடிபட்டோர் ஸ்ரீரங்கப்பட்டினத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பெய்லி 1782இல் சிறையிலேயே இறந்தார். எஞ்சியோரின் விடுதலைக்கு 1784 மார்ச் மாத மங்களூர் உடன்படிக்கை வழிசெய்தது. இதற்கிடையில் 1782 பிப்ரவரி 17 அன்று சதுரங்கப்பட்டினத்துக்கு அப்பாலான கடலில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரனும் ஆங்கிலத் தளபதி ஹியூஸும் மோதினர். பின்னர் அதே ஆண்டில் கைதிப் பரிமாற்றத்துக்கு சஃப்ரன் முன்வைத்த யோசனை சென்னையில் நிறைவேறாமற் போயிற்று. தம்மிடமிருந்த ஆங்கிலக் கைதிகளை அவர் ஹைதரிடம் ஒப்படைத்தார். அவர்களுள் ஒருவரான ஜேம்ஸ் ஸ்கரி ஏறத்தாழப் பத்தாண்டு சிறைவாழ்வை நூலாக எழுதினார். அது 1824இல் வெளிவந்தது. பேச மறுப்பதற்கும் விலை உண்டு என்பதையும், அவ்விலையை மறுத்தவர் செலுத்துவதில்லை என்பதையும் இந்நிகழ்வு காட்டுகிறது.

இக்கைதிகளின் எழுத்துகளைப் பற்றி விரிவாக ஆராய்ந்தோருள் லிண்டா கோலி குறிப்பிடத்தக்கவர். ஆயினும் புள்ளலூரில் போரிட்ட கம்பெனிப் படையில் பெரும்பான்மையினர் இந்தியச் சிப்பாய்கள். ஐரோப்பியரின் சிறை நினைவுகள் நூல்களாக நிற்க, சிப்பாய்களின் சிறைவாழ்வு பிறர் எழுத்தின் ஓரங்களிலேயே தங்கிவிட்டது. எவருக்காகப் பேரம் பேசப்படுகிறது என்னும் வினாவுக்கு இப்பதிவு வேறுபாடே ஒரு விடை.

பிணையாள்களைக் கொள்வது சட்டத்துக்குப் புறம்பானோரின் முறை மட்டுமே என்னும் எண்ணத்தையும் இக்காலம் திருத்துகிறது. 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டினம் உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான் தம் நாட்டின் பாதியை இழந்தார்; 3 கோடியே 30 லட்சம் ரூபாய் செலுத்த இசைந்தார். அதற்கு ஈடாக அவருடைய சிறுவர்களான இரு மைந்தர்களை கார்ன்வாலிஸ் பெற்றுச் சென்னைக்கு அனுப்பினார். 1794இல் அவர்கள் தந்தையிடம் திரும்பினர். பிணை கொள்வதும் ஈட்டுத்தொகை கேட்பதும் அரசுகளின் வழக்கமாகவே இருந்தன. அக்காலப் பரிமாற்றங்களுக்கு எழுதப்பட்ட உடன்படிக்கையும் அதன் சரத்துகளும் இருந்தன என்பதே பிற்காலத்து மறைமுகப் பேரங்களிலிருந்து அவற்றை வேறுபடுத்துகிறது.

1984: பெறுநராகக் குறிக்கப்பட்ட அரசு

நவீன ஆயுதக் குழுக்களின் காலத்தில் தமிழ்நாடு இத்தகைய பேரத்தில் முதலில் இழுக்கப்பட்டது வேறொரு மண்ணில் நிகழ்ந்த கடத்தலால். 1984 மே மாதம் யாழ்ப்பாணத்தில் குடிநீர்த் திட்டப் பணியில் இருந்த அமெரிக்கத் தம்பதியர் கடத்தப்பட்டனர். இச்செயல் ஈழ மக்கள் புரட்சிகர விடுதலை முன்னணியைச் சார்ந்தது. 20 கைதிகளின் விடுதலையும் 5 கோடி ரூபாய் மதிப்புள்ள தங்கமும் கேட்கப்பட்டன. அத்தங்கம் தமிழ்நாட்டு அரசிடம் ஒப்படைக்கப்பட வேண்டும் என்பது கோரிக்கையின் தனித்தன்மை. இலங்கை அரசு இணங்கவில்லை. இந்தியப் பிரதமர் இந்திரா காந்தி வேண்டுகோள் விடுத்தார். சில நாள்களில் தம்பதியர் தீங்கின்றி விடுவிக்கப்பட்டனர்.

கடத்தியோர் ஓர் அரசை மீட்புப்பொருளின் பெறுநராகக் குறித்தது, அந்த அரசு தம் பக்கம் நிற்கும் என்னும் நம்பிக்கையின் வெளிப்பாடு. அந்த விடுதலை, மீட்புப்பொருளின்றியும் பொதுவெளியின் அழுத்தம் பயன்தரக்கூடும் என்பதற்குச் சான்றாகிறது. கடத்தியோர் எவருடைய நன்மதிப்பை இழக்க அஞ்சுகின்றனரோ, அவர்கள் வெளிப்படையாகப் பேசியது பயன்தந்தது. துணைவஞ்சியின் தன்மையும் இதுவே.

தாளவாடி: பத்துக் கோரிக்கைகளின் அமைப்பு

ராஜ்குமாரை விடுவிக்க முன்வைக்கப்பட்ட கோரிக்கைகள் ஒரே இயல்பின அல்ல. காவிரிச் சிக்கலுக்குத் தீர்வு, 1991 கலவரத்தில் பாதிக்கப்பட்ட தமிழர்க்கு இழப்பீடு, பெங்களூருவில் திருவள்ளுவர் சிலைத் திறப்பு, நீலகிரித் தேயிலைக்கு உரிய விலை, மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்க்குக் கூலி உயர்வு ஆகியன அவற்றுள் இருந்தன. அதிரடிப்படையினரின் அத்துமீறல்களை விசாரிக்கத் தேசிய மனித உரிமை ஆணையம் 1999இல் அமைத்த நீதிபதி சதாசிவா குழுவின் பணி தொடர வேண்டும் என்பதும், மைசூரு தடாக் கைதிகளின் விடுதலையும், தமிழ்நாட்டுச் சிறைகளில் இருந்த ஐவரின் விடுதலையும் அவற்றோடு சேர்க்கப்பட்டிருந்தன.

இவற்றை மூவகைப்படுத்தலாம். கடத்தல் நிகழாதிருந்தாலும் அரசு செய்திருக்க வேண்டியவை முதல்வகை: அத்துமீறல் விசாரணை, கூலி, நெடுங்காலம் அடைபட்டோரின் பிணை மறுஆய்வு. அரசியல் விருப்பத்துக்கு உட்பட்டவை இரண்டாம் வகை: சிலை, விலை நிர்ணயம், நதிநீர்ப் பேச்சு. நிர்வாகம் தானாகத் தர இயலாதவை மூன்றாம் வகை: பெயர் குறித்த சிலர் மீதான குற்றவழக்கைக் கைவிடுதல். அரசுகள் இவ்வகைகளைப் பிரித்துப் பேசியிருந்தால், முதல்வகையை நீதிமன்றத்தின் வழியாகவும், அதே நிலையிலுள்ள அனைவர்க்கும் பொதுவாகவும் நிறைவேற்றியிருக்கலாம். மாறாக, கடத்தியோர் தந்த பட்டியலையே அலகாகக் கொண்டு பேச்சு நகர்ந்தது. முதல்வகையின் நியாயமும் மூன்றாம் வகையின் முறைகேடும் ஒன்றாய்க் கலந்தன.

அப்துல் கரீம் தீர்ப்பு: வலிமையும் எல்லையும்

தடாக் குற்றச்சாட்டுகளைக் கைவிட்டால் மைசூருக் கைதிகளுக்குப் பிணை கிடைக்கும் என்னும் எண்ணத்தில், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 321ஆம் பிரிவின்கீழ் கர்நாடகத் தரப்பு மனு அளித்தது. சிறப்பு நீதிமன்றம் இசைவளித்தது. அதனை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்ற அப்துல் கரீம், 1992இல் வீரப்பன் குழுவினரால் கொல்லப்பட்ட உதவி ஆய்வாளர் ஷகீல் அகமதுவின் தந்தை. நீதிபதிகள் பருச்சா, மொஹபாத்ரா, சபர்வால் ஆகியோர் அடங்கிய அமர்வு 2000 நவம்பர் 7 அன்று அந்த இசைவை நீக்கியது.

தீர்ப்பின் வலிமை இரண்டு. முதலாவது, மகனை இழந்த தந்தையின் குரலுக்கு இந்தப் பேரத்தில் இடமளித்தது. அரசு, கடத்தியோர் என்னும் இருமையை அது உடைத்தது. இரண்டாவது, வழக்கைத் திரும்பப் பெறும் அதிகாரம் அரசு வழக்குரைஞருக்குரியது என்பதையும், அரசின் விருப்பத்தைக் கொண்டுசேர்ப்பதோடு அவர் கடமை முடிவதில்லை என்பதையும் அது வலியுறுத்தியது. திரும்பப் பெறுதல் பொதுநலனுக்கு உகந்ததா என அவர் தம் அறிவைச் செலுத்தி ஆராய வேண்டும். நீதிமன்றமும் அதனை உறுதிசெய்துகொள்ள வேண்டும். பணயம் வைத்தவனுக்கு அந்த உரிமை உண்டா என்னும் பாஞ்சாலியின் வினாவை இங்கு நீதிமன்றமே கேட்டது எனலாம். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 360ஆம் பிரிவில் இதே அதிகாரம் தொடர்வதால், இத்தீர்ப்பின் பயன் குன்றவில்லை.

தீர்ப்பின் எல்லையும் இரண்டு. நீதிமன்றத்தின் முன் நின்ற வினா குற்றச்சாட்டைக் கைவிடுதல் செல்லுமா என்பது. அந்த 51 பேர் 1995இலேயே காலாவதியான ஒரு சட்டத்தின்கீழ் ஏன் இன்னும் அடைபட்டிருந்தனர் என்பது அவ்வினாவின் மையத்தில் இல்லை. தடாச் சட்டத்தின் 20(8) பிரிவு பிணையை அரிதாக்கியிருந்தது. பொதுவிவாதத்தில் அவர்கள் வீரப்பனின் கூட்டாளிகள் என்னும் ஒரே பெயரால் சுட்டப்பட்டனர். அடுத்த ஆண்டே மைசூரு சிறப்பு நீதிமன்றம் தடா வழக்குகளில் குற்றஞ்சாட்டப்பட்டோருள் மிகப் பெரும்பாலோரைக் குற்றமற்றோர் என விடுவித்தது. தண்டனை பெற்றோருள் நால்வருக்கு உச்ச நீதிமன்றம் 2004இல் தண்டனையை மரணதண்டனையாக உயர்த்தி, 2014இல் அதனைக் குறைத்தது. அதிரடிப்படையினரால் பாதிக்கப்பட்ட 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் இழப்பீட்டை மனித உரிமை ஆணையம் 2007இல் அறிவித்தது. கடத்தியோரின் பட்டியலில் இடம்பெற்றதாலேயே மாசுபட்ட ஒரு கோரிக்கை, பின்னர் நீதியின் இயல்பான வழியில் பெருமளவு மெய்ப்பட்டது. ஆனால் அதற்குள் பலர் எட்டாண்டளவு சிறையில் கழித்திருந்தனர்.

மற்றோர் எல்லை தீர்ப்பின் விளைவில் உள்ளது. 321ஆம் பிரிவு மனு, முறையற்றதாயினும், பதிவுக்குட்பட்ட பேரம். அது எதிர்க்கப்படக் கூடியதாக இருந்ததாலேயே எதிர்க்கப்பட்டது. அவ்வாயில் நவம்பர் 7 அன்று அடைபட்டது. எட்டு நாளில் ராஜ்குமார் வெளியே வந்தார். இடையில் நிகழ்ந்ததை எவரும் வழக்கிட்டு எதிர்க்கக் கூடிய ஆவணம் பொதுவெளிக்கு வரவில்லை. கர்நாடகக் காவல்துறைத் தலைமை இயக்குநராக இருந்த சி. தினகர் பெருந்தொகை கைமாறியதாகத் தம் நூலில் எழுதினார். ஆட்சியில் இருந்தோர் மறுத்தனர். ராஜ்குமார் 2006இல் மறைந்தார். கடத்தல் வழக்கில் விசாரணையை எதிர்கொண்ட எதிரிகளை 2018இல் கோபிசெட்டிப்பாளையம் நீதிமன்றம் விடுவித்தது. பேரத்தின் உள்ளடக்கமும் கடத்தலின் குற்றப்பொறுப்பும் ஒருங்கே பதிவிலிருந்து நழுவின. இதற்குத் தீர்ப்பைப் பழிப்பது பொருந்தாது. வெளிப்படையான முறைகேட்டை மட்டும் தடுத்து, மறைவான பேரத்துக்கு எந்த நெறியும் வகுக்காத அமைப்பே விமரிசனத்துக்குரியது.

எதிர்வாதமும் அதன் அளவும்

எந்தப் பேரமும் அடுத்த கடத்தலுக்கு அழைப்பாகும் என்னும் வாதம் வலுவானது. 1989 டிசம்பரில் ருபையா சயீதை மீட்க ஐவர் விடுவிக்கப்பட்டதைக் காஷ்மீரின் பின்னைய வன்முறையோடு இணைத்துப் பேசுவோர் பலர். 1999 டிசம்பரில் காந்தகாரில் விடுவிக்கப்பட்ட மூவருள் ஒருவரான மசூத் அசார் அடுத்த ஆண்டே ஜெய்ஷ்-ஏ-முகமது அமைப்பைத் தொடங்கினார். தாளவாடி நிகழ்வுக்குப் பின் 2002 ஆகஸ்ட் 25 அன்று கர்நாடக முன்னாள் அமைச்சர் நாகப்பா வீரப்பன் குழுவால் கடத்தப்பட்டார்; டிசம்பர் 8 அன்று அவர் உடலே காட்டில் கிடைத்தது.

இவ்வாதம் மூன்றாம் வகைக் கோரிக்கைகளுக்கு முழுமையாகப் பொருந்துகிறது. முதல்வகைக்கு அது பொருந்துவதில்லை. சத்தீஸ்கரின் சுக்மா மாவட்ட ஆட்சியராக இருந்த தமிழர் அலெக்ஸ் பால் மேனன் 2012 ஏப்ரல் 21 அன்று மாவோயிஸ்டுகளால் கடத்தப்பட்டு மே 3 அன்று விடுவிக்கப்பட்டார். அவருடைய காவலர் இருவர் கடத்தலின்போதே கொல்லப்பட்டனர். விசாரணைக் கைதிகளின் வழக்குகளை மறுஆய்வு செய்ய நிர்மலா புச் தலைமையில் குழு அமைவது அந்தப் பேச்சின் விளைவு. அத்தகைய மறுஆய்வு கடத்தல் இல்லாமலேயே நடந்திருக்க வேண்டியது. கடமையைக் காலத்தில் செய்யாத அரசு, பின்னர் அதே கடமையைச் சலுகையாகக் காட்ட நேரிடுகிறது. கடத்தியோரோ நீதிமன்றம் தராததைத் துப்பாக்கி தந்தது என்று சொல்லிக்கொள்ளும் வாய்ப்பைப் பெறுகின்றனர். அடுத்த கடத்தலுக்கான அழைப்பு பேரத்தில் மட்டும் இல்லை; அதற்கு முந்திய புறக்கணிப்பிலும் இருக்கிறது.

இந்நிலை காட்டுக்கு மட்டும் உரியதன்று. செங்கல்பட்டுக் கிளைச்சிறை வளாகத்தில் ஈழத்தமிழர்க்கென இயங்கிய சிறப்பு முகாமில், நீதிமன்றம் பிணை வழங்கியவர்களும் 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டத்தின்கீழ் மீண்டும் அடைக்கப்பட்டனர். அவர்கள் எவரையும் கடத்தவில்லை. தம்மையே வருத்தும் உண்ணாநிலையைக் கையாண்டனர். அவர்களுக்காக முதலமைச்சர்கள் கூடிப் பேசவில்லை. பிணைக்கைதி ஒருவரைக் கையில் வைத்திருப்போரின் சொல்லை 108 நாள் செவிமடுத்த ஆட்சிமுறை, பிணை ஆணையைக் கையில் வைத்திருந்தோரின் சொல்லுக்கு அதே கவனத்தைத் தரவில்லை. அரசு எந்த மொழியைக் கேட்கிறது என்பதை ஆயுதக் குழுக்கள் இவ்வேறுபாட்டிலிருந்தே கற்றுக்கொள்கின்றன.

முடிவுரை

ஆட்கடத்தல் பேரங்களை வலிமை, மென்மை என்னும் சொற்களால் அளப்பது போதாது. 1782இல் சென்னையின் இணக்கமின்மையின் விலையைக் கைதிகள் செலுத்தினர். 2000இல் அரசுகள் காட்டிய இணக்கம் கொல்லப்பட்ட காவலரின் தந்தைக்கு எதிரானதாயிற்று. இரண்டிலும் விலை கொடுத்தோர் பேச்சில் இடம்பெறாதோர்.

மூன்று அளவுகோல்களை இந்த ஆய்விலிருந்து பெறலாம். கோரப்படுவது கடத்தல் நிகழாவிடினும் அரசு செய்ய வேண்டியதா என்பது முதலாவது. ஆமெனில், அது பட்டியலுக்கு உட்பட்டோர்க்கு மட்டுமன்றி ஒத்த நிலையினர் அனைவர்க்கும் நீதிமன்றத்தின் வழியே செய்யப்பட வேண்டும். விலை கொடுக்கப்போவோர் கேட்கப்பட்டனரா என்பது இரண்டாவது. உயிராபத்து நீங்கியபின் தூதும் ஈடும் சட்டமன்றத்தின் முன் பதிவாக்கப்பட்டனவா என்பது மூன்றாவது. பேச்சு நடக்கும் வேளையில் மறைவு தேவைப்படலாம். முடிந்தபின்னும் மறைத்தலுக்கு அந்தத் தேவை சான்றாகாது.

கோவூர்கிழாரின் சொல் இன்றும் வாசிக்கக் கிடைப்பதால், கிள்ளிவளவன் முன் வைக்கப்பட்ட நியாயத்தை எவரும் எடைபோட முடிகிறது. தாளவாடிக் காட்டுக்குச் சென்ற தூதுகளின் நியாயத்தை எடைபோடுவதற்கு அத்தகைய பாடம் இல்லை. அரசின் வாய்மொழிகளும் மறுப்புகளும் நினைவுநூல்களும் ஒன்றோடொன்று முரண்பட்டு நிற்கின்றன. அவற்றை ஒப்புநோக்கி வைப்பதோடு, மைசூருச் சிறையில் இருந்தோரின் வாக்குமூலங்களையும் சதாசிவா குழு திரட்டிய சான்றுகளையும் அதே தட்டில் வைத்து ஆராய்வது தமிழாய்வின் முன்னுள்ள பணியாகும்.